ஓ.எஸ். நம்பர் தெரியுமா?

ஆரணி கோர்ட்டுக்குப் பழைய வழக்கொன்றைத் தேடி வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அன்றும் இன்றும் இதுதான். ஓ.எஸ்., அதாவது அசல் வழக்கின், நம்பரும் ஆண்டும் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. தெரியாதவர்கள்தான் அதிகம். திருமலை, வடமாதிமங்கலம், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர், எதிராளியின் பெயர், "எம்.ஜி.ஆர். இருந்த காலத்துல நடந்தது" என்கிற ஒரு நினைவு. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்து நெசவு வீடுகளில் கோர்ட்டுப் பேப்பர் தேவைப்படும் காரணங்களை விரல்விட்டு எண்ணலாம். வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் பழைய பாகவழக்குத் தீர்ப்பைக் கேட்பார். வங்கிக் கடனுக்கும் அதே கேள்வி வரும். தறிக்கு வாங்கிய முன்பணம், நூலுக்கும் ஜரிகைக்கும் எழுதிக் கொடுத்த புரோநோட்டு ஆகியவற்றில் பிறந்த பண வழக்குகள் தனி. பணம் வரவேண்டும் என்று தீர்ப்பாணை வாங்கியவர் அதை நிறைவேற்றிக்கொள்ளச் சட்டம் 12 ஆண்டு அவகாசம் தருகிறது. பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டுப் பதினோராவது ஆண்டில் டிக்ரி நகலைத் தேடி ஓடிவருகிற ஆட்களைக் கோர்ட்டு குமாஸ்தாக்கள் நன்றாக அறிவார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஆழமானது பாகவழக்குதான். குழித்தறி போட்ட வீடு என்பது வெறும் குடியிருக்கும் இடமல்ல. கூடத்தில் தறி, அதன் நீளத்துக்குப் பாவு, மேலே ஜக்கார்டு. அண்ணன் தம்பி பிரிந்தால் சுவரை எங்கே எழுப்புவது என்பதில் ஒருவருடைய பிழைப்பே அடங்கியிருக்கிறது. அதனால் பாகவழக்கில் கோர்ட்டு முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை தருகிறது. பிறகு ஆணையர் வந்து அளந்து, எந்த அறை யாருக்கு என்று பிரித்து அறிக்கை கொடுத்து, அதன்மேல் இறுதித் தீர்ப்பாணை வரவேண்டும். அது முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் "கேஸ் ஜெயிச்சிட்டோம்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இறுதி மனு போடாமலே இருபது, முப்பது ஆண்டு ஓடிவிடுகிறது. இப்படி நடப்பது நாடு முழுக்க இருக்கும் வழக்கம் என்பதால்தான், முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு வழக்கைக் கிடப்பில் போடாமல் விசாரணை நீதிமன்றமே இறுதித் தீர்ப்பாணைக்கு நகர்த்த வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

இந்த அரைகுறையான தீர்ப்புகளில்தான் பெண்களின் பங்கு மறைந்துகிடக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் அதற்குள் திருமணமாகியிருந்த மகள்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை தந்தது. முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டும் ஆகி, இறுதித் தீர்ப்பாணை ஆகாமல் கிடந்தால் மகள்களின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே, அண்ணன்கள் பிரித்துக்கொண்ட வீட்டில் தனக்கு ஏதாவது உண்டா என்று கேட்கும் ஒரு தங்கைக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பாணை ஆனதா, இல்லையா? பதில் கோர்ட்டின் பதிவறையில் இருக்கிறது. அண்ணன் வீட்டு அலமாரியிலும் ஒரு நகல் இருக்கும், ஆனால் அது அவள் கைக்கு வராது. கோர்ட்டு ஆவணத்தை யார் எவ்வளவு எளிதாகத் தேடி எடுக்க முடிகிறது என்பதை நான் முக்கியமாக நினைப்பதற்கு அவளே காரணம்.

முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன் அவள் வந்திருந்தால், கோர்ட்டு வாசலில் முதலில் பார்த்திருக்க வேண்டியது ஒரு வக்கீல் குமாஸ்தாவை. உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போயிருக்கும்.

"ஓ.எஸ். நம்பர் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க ஐயா. எங்கப்பா பேரு தெரியும். பெரியப்பா மேல கேஸ் போட்டாங்க."

"முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா?"

"அது தெரியலீங்களே."

"வக்கீல் யாரு? அதாவது தெரியுமா?"

வக்கீலின் பெயர் தெரிந்துவிட்டால் போதும். குமாஸ்தாக்களின் நினைவுதான் அன்றைய தேடுபொறி. அந்த வக்கீலின் குமாஸ்தாவிடம் ஆண்டுவாரியான நாட்குறிப்பு இருக்கும். வாய்தா தேதிகள் எழுதிய அந்த நோட்டைப் புரட்டினால் நம்பர் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தேடுதல் மனு போட்டு, அதற்குரிய கட்டணம் கட்டி, கோர்ட்டின் வழக்குப் பதிவேட்டை ஆண்டு ஆண்டாகப் பார்க்கச் செய்யவேண்டும். அகலமான, தடித்த அட்டை போட்ட ரிஜிஸ்டர்கள் அவை. வாதி, பிரதிவாதி, வழக்கின் தன்மை, மதிப்பு, பைசலான தேதி, மேல்முறையீடு போனதா, நிறைவேற்று மனு வந்ததா எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அந்தப் பதிவேட்டைத் திட்டமிட்டவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு வழக்கின் முழு வாழ்க்கையும் ஒரே இடத்தில் தெரியும்படி கட்டம் போட்டிருக்கிறார்கள். குறை என்னவென்றால், பெயரை வைத்துத் தேட அதில் வழியில்லை. ஆண்டு தெரியாதவர் தொலைந்தார்.

நம்பர் கிடைத்த பிறகு நகல் மனு. வெள்ளைத்தாளில் எழுதி கோர்ட்டு வில்லை ஒட்டி நகல் பிரிவில் கொடுக்கவேண்டும். பதிவறையிலிருந்து கட்டு வந்ததும் எத்தனை பக்கம் என்று பார்த்து, அதற்கு எத்தனை நகல் முத்திரைத்தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். இதை "ஸ்டாம்ப் கூப்பிடுவது" என்பார்கள். பலகையைத் தினமும் போய்ப் பார்க்கவேண்டியது கட்சிக்காரர் பொறுப்பு. கெடுவுக்குள் தாள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். திருமலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற நெசவாளிக்கு ஒவ்வொரு வருகையும் தறி நின்ற ஒரு நாள்.

தாள் கட்டியபின் தட்டச்சு. ஒருவர் அடிப்பார். பிறகு ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் நகலோடு ஒப்புப் பார்ப்பார். நகல் வாசிப்பாளர், நகல் பரிசோதகர் என்று இந்த வேலைகளுக்கு நீதித்துறைப் பணியில் தனிப் பதவிகளே உண்டு. இன்றும் உயர் நீதிமன்றத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் அந்தப் பெயர்களைப் பார்க்கலாம். அதே பட்டியலில் ஒளிப்பட நகல் எடுப்பவர் என்ற பதவியும் இருக்கிறது. தட்டச்சின் இடத்தில் ஜெராக்ஸ் வந்ததன் அடையாளம் அது. ஒரு எழுத்து பிசகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு கோர்ட்டு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து நாள்முழுக்கப் பிறர் குடும்பச் சண்டைகளை ஏற்ற இறக்கமின்றி வாசித்துக்கொண்டிருந்தது சாதாரண உழைப்பல்ல. எல்லைக் குறிப்பில் வடக்கு தெற்கு மாறினால் ஒரு வீடே கைமாறிவிடும்.

சரி, ஆரணியில் இல்லை என்று சொல்லிவிட்டால்? அங்கேதான் நிர்வாக வரலாறு குறுக்கே வரும். திருமலை போளூருக்கும் ஆரணிக்கும் இடையில் இருக்கிற ஊர். பட்டுக்கும் சந்தைக்கும் ஆரணி, தாலுகா வேலைக்குப் போளூர் என்று பழகிய ஊர்களில், எந்தக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள் என்பதே முதல் குழப்பம். வழக்கின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட்டா சார்பு நீதிமன்றமா என்பது அடுத்தது. மேல்முறையீடு போயிருந்தால் மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30 அன்று. அதற்கு முன் எல்லாமே வட ஆர்க்காடு. எனவே பழைய அப்பீல் கட்டை வேலூரில் தேடத் தொடங்கவேண்டியிருக்கும். 1911க்கு முன் வட ஆர்க்காட்டின் தலைமையிடமே சித்தூர். தாத்தாவின் தாத்தா நடத்திய வழக்கைத் தேடுகிறவர் ஆந்திரா வரை யோசிக்கவேண்டும்.

திருமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இங்குள்ள கல்வெட்டுகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயில் உள்ள மலை இது. ராஜேந்திர சோழனின் வெற்றிகளைப் பட்டியலிடும் புகழ்பெற்ற கல்வெட்டு, உண்மையில் ஒரு சின்னக் கொடையைப் பதிவுசெய்ய வெட்டப்பட்டது. சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி கோயில் விளக்குக்குக் கொடுத்த கொடை. அவள் எந்தப் பாடி, எந்த ஊர், யாருடைய மனைவி, கோயில் எந்த நாட்டில் எந்தப் பள்ளிச்சந்த (சமணப் பள்ளிக்கு விடப்பட்ட) ஊரில் இருக்கிறது என்றெல்லாம் வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தபோது அந்தக் கொடை யாருடையது என்று குழப்பமே வரவில்லை. நகல் மனுவும் இதே விவரங்களைத்தான் கேட்கிறது: எந்தக் கோர்ட்டு, எந்த ஆண்டு, யார் வாதி, யார் பிரதிவாதி. ஒரு வித்தியாசம்: கல்லில் வெட்டியவர்கள் பதிவையும் அதைத் தேடும் அடையாளத்தையும் பிரிக்காமல் ஒன்றாக, வெளியிலேயே வைத்தார்கள்.

இன்று அந்தத் தங்கை கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, கைப்பேசியில் பாதித் தேடலை முடித்துவிட முடியும். 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் பலன் இது. அதன் இணையதளத்திலோ செயலியிலோ தமிழ்நாடு, திருவண்ணாமலை, பிறகு கோர்ட்டு வளாகம் என்று தேர்ந்துகொண்டு, கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் ஆகியவற்றில் எதை வைத்தும் தேடலாம். நிலுவையிலுள்ளதா, முடிந்ததா என்றும் பிரித்துக் கேட்கலாம். வழக்கு கிடைத்தால் 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த சி.என்.ஆர். எண் ஒன்று அதற்கு இருக்கும். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு எந்தக் கோர்ட்டு, வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. இந்த ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு எதையும் தேடவேண்டாம். அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது, எந்த நீதிபதி முன் இருக்கிறது எல்லாம் வந்துவிடும். ஒரு வாய்தா தேதிக்காக வக்கீல் அலுவலகத் திண்ணையில் காத்துக்கிடந்த தலைமுறைக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு வாங்குகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. வில்லங்கச் சான்றை இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறோம், எதுவும் இல்லை என்றால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் ஒரு சொத்தின்மேல் வழக்கு நடந்துகொண்டிருப்பது வில்லங்கச் சான்றில் தானாக ஏறாது. விற்பவரின் பெயரையும் அவருடைய உடன்பிறந்தார் பெயரையும் இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்ப்பது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

தேடும்போது பொறுமை வேண்டும். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஆறுமுகம் என்ற பெயரை நான்கு விதமாக எழுதலாம், ஏழுமலையை இன்னும் அதிகமாக. முன்னெழுத்து முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், இல்லாமலும் இருக்கும். முழுப்பெயர் போடுவதைவிட முதல் சில எழுத்தை மட்டும் போட்டு, பட்டியலை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஆண்டையும் கேட்கும், சந்தேகமிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டு மாற்றிப் பார்க்கவேண்டும். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊர்களில், எதிர்க்கட்சிக்காரர் பெயரும் பொருந்தினால்தான் அது நம் வழக்கு. தமிழ் ஆட்சிமொழியாகி, ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976 திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழைக் கொண்டுவந்து, தீர்ப்பையும் சாட்சியத்தையும் தமிழில் எழுதுகிற கோர்ட்டுகளில், கட்சிக்காரரின் பெயரைத் தமிழில் தேட முடியாமல் தடுமாறுவது நியாயமே இல்லை. இதைச் சரிசெய்தால் பலன் பெறுபவர்கள் படிப்பு குறைந்தவர்கள்தான்.

திரையில் தீர்ப்பும் உத்தரவும் பார்க்கக் கிடைக்கும். அதை அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டு காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது படித்துத் தெரிந்துகொள்ள மட்டும். பத்திரப் பதிவுக்கும் வங்கிக்கும் மேல்முறையீட்டுக்கும் சான்றிட்ட நகல்தான் செல்லும். பொது ஆவணத்தைப் பார்க்க உரிமையுள்ளவருக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிட்ட நகல் தரவேண்டும் என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் அதையே 75ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் மாறியும் உரிமை மாறவில்லை. குற்ற வழக்கில் சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் பலர் அறியாமல் காசு கொடுக்கிறார்கள்.

நகலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். மனுச் செய்த தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. யாரும் கவனிக்காத இந்த ஐந்து வரி மேல்முறையீட்டின் உயிர். மாவட்ட அளவில் அப்பீல் போட 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துக்கொடுக்கிறது. ஆனால் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்கள் நம் கணக்கில்தான் சேரும். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள் என்று வக்கீல்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

அந்தத் தங்கை வழக்கில் கட்சிக்காரர் இல்லையே, அவளுக்கு நகல் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். ஆனால் மூன்றாம் நபர் என்ற முறையில், ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி உறுதிமொழிப் பத்திரத்தோடு மனுச் செய்யவேண்டும். கோர்ட்டு அனுமதிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று பலர் முயன்றார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்கு ஆவணங்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் பெறவேண்டும் என்று முடித்துவிட்டது. அமெரிக்காவின் கவுண்டி கோர்ட்டுகளில் பொதுவாக யாரும் காரணம் சொல்லாமலே பெரும்பாலான வழக்குக் கட்டுகளைப் பார்க்கலாம். அந்தத் தாராளம் அப்படியே இங்கே வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மணமுறிவு வழக்கும் ஜாமீன் மனுவும் ஊர்வாய்க்கு எட்டினால் என்ன ஆகும் என்று சின்ன ஊர்களில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். பாலியல் குற்றங்களிலும் குழந்தைகள் வழக்குகளிலும் பெயரை மறைப்பது கட்டாயம். ஆனால் வழக்குச் சொத்திலேயே பங்கு கோரக்கூடிய ஒரு மகளை மூன்றாம் நபர் வரிசையில் நிற்கவைத்துக் காரணம் கேட்பது எனக்கு உறுத்துகிறது. அவளுடைய காரணம் வாரிசுச் சான்றிதழிலேயே இருக்கிறதே.

கட்டு கிடைக்கும்போது கூடவே பார்க்கவேண்டியது சான்றாவணங்கள். வழக்கில் குறியீடு செய்யப்பட்ட அசல் பத்திரங்கள் வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கடந்தபின் திரும்பப் பெறத்தக்கவை. அதற்கென்று மனுப் போட்டால் கொடுத்துவிடுவார்கள். "தாய்ப்பத்திரம் காணாமல் போய்விட்டது" என்று போலீசில் புகார் கொடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் போடுகிற குடும்பங்களில் சிலவற்றின் பத்திரம் எங்கும் காணாமல் போகவில்லை. தாத்தா காலத்து வழக்கில் வாதி தரப்பு முதல் ஆவணமாகக் கோர்ட்டிலேயே இருக்கிறது. நிரந்தரமாக இருக்காது. 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிப்படி, வைத்திருக்கும் காலம் முடிந்த கட்டுகள் வரிசையாக அழிக்கப்படுகின்றன. தீர்ப்பும் தீர்ப்பாணையும் மற்றத் தாள்களைவிட நீண்டகாலம் காக்கப்படும், மற்றவை போய்விடும். எடுக்காமல் விட்ட பத்திரமும் அதோடு போகலாம்.

இங்கேதான் இன்றைய வசதியின் எல்லை தெரிகிறது. கைப்பேசியில் கிடைப்பது கணினியில் ஏற்றப்பட்ட வழக்குகள்தான். நேற்றைய வாய்தா நொடியில் வரும். தங்கை தேடுகிற 1980களின் முதல்நிலைத் தீர்ப்பு பெரும்பாலும் வராது. அவள் மறுபடி அந்தத் தடித்த ரிஜிஸ்டரிடம்தான் வரவேண்டும். இதற்கிடையில் பழைய குமாஸ்தாக்களின் நாட்குறிப்புகள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. நினைவிலிருந்து நம்பர் சொன்ன தலைமுறைக்கு வாரிசு இல்லை. பழைய வழக்கைத் தேடுவது சில வகையில் அன்றைக்கு இருந்ததைவிட இன்று கடினமாகியிருக்கிறது என்றே சொல்வேன்.

2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு ரூ.7,210 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் பழைய ஆவணங்களை ஒளிவருடிப் பாதுகாக்க மட்டும் ரூ.2,038 கோடிக்கு மேல். பணம் இருக்கிறது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. கட்டுக்கட்டாக லட்சக்கணக்கான பக்கங்களை வருட ஆண்டுகள் ஆகும், ஆகட்டும். அதற்கு முன் ஒவ்வொரு கோர்ட்டிலும் உள்ள வழக்குப் பதிவேடுகளை மட்டும் எடுத்து, வாதி பிரதிவாதி பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து, ஊர்ப் பெயரோடு தேடும்படி வைத்துவிடலாம். ஒரு முன்சீப் கோர்ட்டின் ஓராண்டுப் பதிவேடு சில நூறு வரிகளுக்குள் அடங்கக்கூடியது. அவற்றைப் படிக்கத் தெரிந்த, பணியிலிருந்து ஓய்வுபெற்ற கோர்ட்டு ஊழியர்கள் இப்போதும் ஆரணியிலும் போளூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கவேண்டும், திருமலைக்காரியிடம் யாரும் நம்பர் கேட்காமல் அவள் அப்பா பெயரையும் ஊரையும் மட்டும் கேட்கும்படி.